குமுட்டி அடுப்பில் கொரியாக் கோழி

போன வருடம் கோடை விடுமுறைக்கு என் பேத்தி காரைக்குடி வந்து இறங்கியபோது, பையிலிருந்து முதலில் வெளியே எடுத்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பா. துணிமணியெல்லாம் அப்புறம்தான். அந்த டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில், மோர்ப் பாத்திரத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தாள்.

"என்ன ஆத்தா அது?" என்றேன்.

"கோச்சுஜாங் ஐயா. கொரியாக்காரங்க மிளகாய் விழுது. இதை வச்சு உங்களுக்குக் கோழி சுட்டுத் தரப்போறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். 32 வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய வாய், சும்மா இருக்குமா? "கோழிக்குப் பேர்போன ஊருக்கு வந்து கொரியாக்காரன் கோழியா? உங்க ஆயா இருந்தா அந்த டப்பாவைத் தூக்கிக் கொல்லையில போட்டிருப்பா" என்று சொல்லிவிட்டேன்.

பேத்தி பதில் பேசவில்லை. அன்று ராத்திரி மெஸ்ஸிலிருந்து கேரியரில் வந்த இட்லியில் ஒன்றைப் பிய்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி தவறி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் பேத்தி இந்த ஊருக்கு வரவில்லை. ஆயா இல்லாத வீட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். எனக்கும் அப்படித்தான். காப்பி போடுவதற்கும் பால் காய்ச்சுவதற்கும் தவிர நான் அடுப்படிக்குள் போவதில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் கிடந்த அம்மிக்கல்லின் மேல் பழைய பேப்பர்க் கட்டு ஏறிவிட்டது. முதல் தடவையாக மனசைத் தேற்றிக்கொண்டு வந்த பிள்ளையிடம், வந்த அன்றைக்கே, செத்துப்போனவளின் பேரைச் சொல்லி ஒரு குத்துக் குத்தினேன்.

மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது பேத்தியே பேச்சை எடுத்தாள். "ஆயா தூக்கிப் போட மாட்டாங்க ஐயா. அவங்கதான் என்கிட்ட கேட்டாங்க. சீரியல்ல கொரியாக்காரங்க கரி அடுப்புல கோழி சுட்டு இலையில மடிச்சு மடிச்சுச் சாப்பிடுறாங்களே, அது எப்படிடீ செய்யிறதுன்னு போன்ல கேட்டாங்க. அடுத்த லீவுக்கு வரும்போது அந்த விழுதை வாங்கிட்டு வா, செஞ்சு பாப்போம்னு சொன்னாங்க. அதுக்குள்ள..."

எனக்கு இது தெரியாது. 41 வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். குமுட்டி அடுப்பு அங்கேதான் கிடந்தது.

பேத்திக்குக் கொரியாப் பழக்கம் வந்த கதையைச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 1996-இல் ஹூண்டாய் கம்பெனி அங்கே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட வந்தது. 1998-இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. கொரியாக் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கென்று சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் வந்தன. பிழைக்கப் போன இடத்தில் மனுஷன் முதலில் தேடுவது தன் ஊர்ச் சோற்றைத்தான். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நம்மூர்க்காரர்களும், அங்கே கிட்டங்கியில் நம்மூர்ச் சமையல்தான் சாப்பிட்டார்கள்.

பேத்தி அந்தக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். கொரியா நாடகங்களையும் விடாமல் பார்ப்பாள். அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஓர் இலக்கண நூல் எழுதியிருக்கிறார். இன்றைய மொழியியல் அறிஞர்கள் அந்த உறவை ஏற்பதில்லை என்று நான் சொன்னால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஹராபொஜி" என்பாள். ஹராபொஜி என்றால் கொரிய மொழியில் தாத்தாவாம்.

அந்த டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் இனிப்பு, அப்புறம் உப்பு, பின்னால் மெதுவாக உறைப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புளித்த மணம். நம் சமையலில் எதுவும் அப்படி இருக்காது. எப்படிச் செய்கிறார்கள் என்று இருவரும் உட்கார்ந்து படித்தோம். சோயா மொச்சையை வேகவைத்து இடித்துக் கட்டியாக்கி, காயவைத்து, பூஞ்சணம் பிடிக்கவிட்டு, பிறகு பொடித்து எடுக்கிறார்கள். அதோடு ஒட்டும் அரிசி மாவு, மிளகாய்த்தூள், முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமை, உப்பு. எல்லாவற்றையும் கலந்து மண்ஜாடியில் அடைத்து, வெயில் விழும் இடத்தில் மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். பகலில் மூடியைத் திறந்து வெயில் காட்டி, சாயங்காலம் மூடிவிடுவார்களாம். மொட்டை மாடியில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டி வெயில் காட்டிய என் மனைவி இதைக் கேட்டிருந்தால், "இதுல என்ன இருக்கு" என்றிருப்பாள்.

மிளகாய் விஷயமும் யோசிக்க வேண்டியதுதான். அது அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. கொரியாவுக்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போய்ச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நம் முன்னோர் உறைப்புக்குப் போட்டது மிளகுதான். மிளகு போல உறைக்கும் காய் என்றுதான் மிளகாய் என்று பேர் வைத்தார்கள்.

குமுட்டி அடுப்பின் மேல் வைக்கக் கம்பித் தட்டு ஒன்று வேண்டியிருந்தது. பழைய சாமான் கடைகளில் கிடைக்குமா என்று பேத்தியை முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பித் தட்டு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைகளைச் சுற்றி வந்தது வீண்போகவில்லை. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் பாத்திரம். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எந்த ஊரு, இது எந்த ஊரு" என்று பேத்தி கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாறு கடை தாண்டியதும், "அப்ப நம்ம ஊரு சாமான் எது ஐயா?" என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் முதல் நாள் நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. கோழிக்குழம்பில் நாம் போடும் அன்னாசிப்பூ சீனாவின் தென்பகுதியிலும் வியட்நாமிலும் விளைவது. கிராம்பு கிழக்கே மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்தது. விசேஷ வீட்டில் முதலில் வைக்கும் கவுனி அரிசியைப் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். இதையெல்லாம் "நம்ம ஊர்ச் சமையல்" என்று மார்தட்டுகிறவன், ஒரு டப்பாவைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

கம்பித் தட்டை ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வெள்ளை வலையை வெட்டி அடுப்பில் வைக்காதீர்கள். அதில் துத்தநாகப் பூச்சு உண்டு. கரிச்சூட்டில் அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. வெறும் இரும்புக் கம்பியோ எவர்சில்வர் கம்பியோதான் நல்லது.

கரிக்கு நம் ஜில்லாவில் பஞ்சமில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸில் போனால் கரிமூட்டம் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் வேலிக்கருவைதான். அதுவும் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த மரம் என்று சொன்னதும் பேத்தி சிரித்துவிட்டாள். எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் இரண்டு கிலோ வாங்கினேன்.

முதல் தடவை செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு கிலோ பிராய்லர் தொடைக்கறியை எலும்பெடுத்து வாங்கி வந்தேன். பேத்தி மசாலா கலக்கினாள். சோயா சாஸ், கோச்சுஜாங், பூண்டு, இஞ்சி, வெங்காயம், சர்க்கரை, நல்லெண்ணெய், ஒரு பேரிக்காய். பேரிக்காய் எதற்கு என்றேன். கறியை மெதுவாக்குமாம். நம் ஊரில் கிடாக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய் ஒரு துண்டு போடுவோமே, அதே வேலைதான். பழத்தில் உள்ள நொதி புரதத்தை உடைக்கிறது. பப்பாளிக்காய்க்கு வேகம் அதிகம். கோழிக்கு அதைப் போட்டால் கறி கூழாகிவிடும். பேரிக்காய் நிதானமாக வேலை செய்யும்.

நாலு மணி நேரம் ஊறியது. கொல்லையில் அடுப்பைப் பற்றவைத்து, கரி சிவக்கச் சிவக்க விசிறி, கம்பித் தட்டில் கறியை அடுக்கினோம். இரண்டே நிமிஷம். குப்பென்று தீ எழும்பியது. புகை மதிலைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு நண்பர், அவரும் ஓய்வு பெற்றவர், மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன அண்ணே, பழைய பரீட்சைப் பேப்பரைக் கொளுத்துறீங்களா?" என்றார். எடுத்துப் பார்த்தால் வெளியே கரி, உள்ளே பச்சை. பேத்தி ஒரு துண்டை நறுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றைக்கும் மெஸ் கேரியர்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. யோசித்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. சர்க்கரை 160 டிகிரி வாக்கில் உருகி நிறம் மாறத் தொடங்கிவிடும். கனன்று நிற்கும் கரியோ 600, 700 டிகிரியில் இருக்கும். சர்க்கரையும் பழச்சாறும் பூசிய கறியை நேராக அதன் மேல் போட்டால் மேல்பூச்சு கருகாமல் என்ன செய்யும்? உள்ளே 74 டிகிரிச் சூடு ஏறினால்தான் கோழி பத்திரமாக வெந்ததாக அர்த்தம். அதற்குள் வெளியே எல்லாம் முடிந்துபோகும். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம் கொல்லையில் மறந்துபோனது.

காரணம் தெரிந்தது, வழி தெரியவில்லை. அப்போதுதான் என் மனைவி இந்த அடுப்பில் கத்தரிக்காயும் கருவாடும் சுட்டது ஞாபகம் வந்தது. விசிறுவது என் வேலை. நான் வேகமாக விசிறினால் கையைப் பிடித்து நிறுத்துவாள். "போதும் போதும், கரியை ஒருபக்கம் ஒதுக்குங்க. சாம்பல் பூக்கட்டும்" என்பாள். பாதி அடுப்பில் கரி இருக்கும், பாதி வெறுமையாக இருக்கும். கரியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படர்ந்த பிறகுதான் சுட ஆரம்பிப்பாள். அனல் இல்லாத பக்கத்தில் வைத்து, ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி, உள்ளே வேகவிடுவாள். கடைசியில் மட்டும் அனலுக்கு மேல் தள்ளி ஒரு புரட்டு. அவ்வளவுதான். இத்தனை வருடம் விசிறியிருக்கிறேன். ஏன் ஒதுக்கச் சொல்கிறாய், ஏன் சாம்பல் பூக்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி செய்தோம். இந்தத் தடவை பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, "எல்லாத்தையும் அளந்து போடுங்க ஐயா, எழுதணும்" என்றாள். அந்த நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம், வறண்டுபோகும். தடித்த இடத்தைக் கத்தியால் கீறி, எல்லாம் ஒரே தடிமனாக விரித்துக்கொள்ள வேண்டும். அரைப்பதற்கு: பூண்டு 12 பல், இஞ்சி ஒரு விரல்கணு அளவு, பெரிய வெங்காயம் பாதி, பேரிக்காய் பாதி. கலப்பதற்கு: சோயா சாஸ் 5 மேசைக்கரண்டி, கோச்சுஜாங் 3 மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. நம் குண்டு மிளகாயைப் போட்டால் உறைப்பு தூக்கிவிடும். உப்பு தனியாகப் போடக் கூடாது. சோயா சாஸிலும் விழுதிலும் இருப்பதே தாராளம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயா சாஸை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். நானும் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

கோழியைச் சேர்க்கும் முன்பே, கலந்த மசாலாவில் நாலு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். கடைசியில் மேலே பூசுவதற்கு அதுதான். பச்சைக் கோழி ஊறிய மசாலாவை வெந்த கறியில் பூசக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் பேத்தி. மீதி மசாலாவில் கறியைப் புரட்டி ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வைத்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். கொரியாக்காரர்கள் எள்ளை நன்றாக வறுத்துவிட்டு ஆட்டுகிறார்கள். அதனால் அந்த எண்ணெய்க்கு மணம் தூக்கலாக இருக்கும். நாம் பச்சை எள்ளைக் கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டுகிறோம். எங்கள் செக்காலைக்குப் பெயரிலேயே செக்கு இருக்கிறது. வேறு எண்ணெய் வாங்கிவர எனக்கு மனசில்லை. ஆகவே நம் நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி மசாலாவில் போட்டு, எள் 2 தேக்கரண்டியைச் சிவக்க வறுத்து, கறி வெந்து இறக்கியதும் இடித்துத் தூவினோம். அந்த மணம் வந்துவிட்டது.

அடுப்பு திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். கதவடைத்த அறையில் கரி மூட்டவே கூடாது. கரியை ஒருபக்கம் ஒதுக்கி, சாம்பல் பூக்கும் வரை பொறுக்க வேண்டும். கறியில் ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துவிட்டு, அனல் இல்லாத பக்கம் அடுக்கி, சட்டியால் மூடி, நடுவில் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். எங்களுக்கு 20 நிமிஷம் ஆனது. தடித்த இடத்தில் கத்தியால் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. அதன் பிறகு கிண்ணத்தில் எடுத்து வைத்த மசாலாவைப் பூசி, அனலுக்கு மேல் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம். விளிம்பு லேசாகக் கருகி, மேலே பளபளவென்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். கரி அடுப்பு இல்லாதவர்கள் தோசைக்கல்லில் இதையே செய்யலாம். சிறு தீயில் மூடி வேகவைத்து, கடைசியில் பூசி, தீயைக் கூட்டிப் புரட்டினால் சரி. புகை மணம் மட்டும் இருக்காது.

சோற்றுக்கும் பேத்தி ஒரு யோசனை வைத்திருந்தாள். கொரியாவில் வெள்ளை அரிசியோடு கறுப்பரிசி ஒரு பிடி கலந்து ஆக்குவார்களாம். சோறு ஊதா நிறத்தில் இருக்குமாம். "நம்மகிட்டதான் கவுனி இருக்கே" என்றாள். முதல் நாள் ராத்திரியே ஒரு பிடி கவுனியை ஊறவைத்து, அரிசியோடு சேர்த்துக் குக்கரில் வைத்தோம். திறந்தால் கத்தரிப்பூ நிறத்தில் சோறு, லேசாக ஒட்டிக்கொண்டு. தேங்காயும் சர்க்கரையும் போட்டு இனிப்பாகவே இதுவரை சாப்பிட்ட அரிசியை, கோழியோடு சாப்பிட்டது அன்றுதான்.

மடித்துச் சாப்பிட இலை வேண்டும். வெற்றிலைக் கொடியைப் பார்த்தேன், பேத்தி முறைத்தாள். முட்டைக்கோஸ் இலையைத் தனித்தனியாகப் பிரித்து, கொதிநீரில் போட்டு எடுத்தோம். இலையில் கொஞ்சம் சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு பல் பூண்டு. மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும், கடிக்கக் கூடாது என்பது அங்கே பழக்கமாம். பல் கட்டிய எனக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் கோழி நன்றாக இருந்தது. நம் கோழி வறுவலைப் போல மிளகும் சோம்பும் முன்னால் வந்து நிற்கவில்லை. இனிப்பும் புகையும் முதலில் வந்து, உறைப்பு சாவகாசமாக வந்தது. மதிலுக்கு மேலே ஒரு தட்டை நீட்டினேன். நண்பர் சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, இந்தத் தடவை பேப்பர் பாஸ்" என்றார்.

நாங்கள் சாப்பிட உட்காரும் முன்னால் பேத்தி ஒரு காரியம் செய்தாள். கோஸ் இலையில் கொஞ்சம் சோறும் ஒரு துண்டு கோழியும் வைத்து, காக்கைக்குச் சோறு வைக்கும் மதில் மூலையில் கொண்டுபோய் வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. காக்கை வந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்த ஊதாச் சோற்றைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு கோழியை மட்டும் கவ்விக்கொண்டு பறந்தது. "ஆயாதான்! ஆயாவுக்குக் கோஸ் பிடிக்காது" என்று பேத்தி கை தட்டினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கொல்லையில் அன்றைக்குத்தான் இருவரும் சிரித்தோம்.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பேத்தி நோட்டைப் புரட்டி அடுத்த பக்கத்தில், "ஆயா கோழி வறுவல்" என்று தலைப்புப் போட்டாள். "இப்ப இதைச் சொல்லுங்க ஐயா" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருப்பேன்! மிளகாய் எத்தனை கிள்ளிப்போடுவாள், கல்பாசி போடுவாளா, சோம்பை வறுத்து அரைப்பாளா பச்சையாக அரைப்பாளா, எதுவுமே எனக்குத் தெரியவில்லை. உப்பு குறைந்தால் மட்டும் சொல்லத் தெரிந்திருக்கிறது. மகளுக்குப் போன் போட்டோம். அவளுக்குப் பாதி தெரிந்தது. "அம்மா கண்ணளவுக்குப் போடுவாங்கப்பா, யாரு அளந்தா?" என்றாள். கடல் தாண்டி இருக்கும் கொரியாக் கோழிக்கு அரைத் தேக்கரண்டி வரை கணக்கு எங்களிடம் இருக்கிறது. இதே அடுப்படியில் வெந்த கோழிக்குக் கணக்கு இல்லை.

அம்மிமேல் இருந்த பேப்பர்க் கட்டை எடுத்து எடைக்குப் போட்டேன். கல்லைக் கழுவினோம். விடுமுறை முடியும் வரை, மகள் போனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ஞாயிறும் அந்த வறுவலைச் செய்து பார்த்தோம். ஒரு தடவை சோம்பு தூக்கல், ஒரு தடவை மிளகு போதவில்லை. சின்ன வெங்காயம் அரைக்கக் கூடாது, முழுசாகப் போட வேண்டும் என்று மூன்றாம் தடவை எனக்கே ஞாபகம் வந்தது. இப்போது முக்கால் பங்கு வந்திருக்கிறது. மீதிக் கால் பங்கு எங்கே இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் பிடிபட்டாலும் படலாம், படாமலும் போகலாம். நோட்டில் அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கேரியரை நிறுத்திவிட்டேன். இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் சமைக்கிறவர் இன்னும் அடுப்படியில் நிற்கிறார் என்றால், இன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். ஏன் என்று கேளுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, அவர் புதிதாக எதையாவது செய்து பார்க்க ஆசைப்படுகிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

நேற்று பேத்தி போன் செய்தாள். விடுமுறை விட்டாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறாள். சிவப்பு டப்பாவை மறக்காமல் எடுத்து வைத்துவிட்டாளாம். "கரி வாங்கிட்டீங்களா ஹராபொஜி?" என்றாள்.

இரண்டு கிலோ வாங்கி வைத்துவிட்டேன்.